களரியும் கல்விக்கூடமும்

பல்கலைக்கழகம் என்றதும் மதிலும் வாயிலும் உடைய ஒரு வளாகமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றது. அவ்வாயிலினூடாக யார் உள்ளே செல்கின்றனர் என்பது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். அனுமதி, தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு என ஒரு தலைமுறையின் அரசியலே அதனைச் சுற்றி நிகழ்ந்தது. ஆனால், அதே வாயிலினூடாக அறிவு எத்திசையிற் செல்கின்றது என்பது பற்றி நாம் பேசியது குறைவு. பல்கலைக்கழகம் அறிவை ஆக்குகின்றது, ஊர் அதனைப் பெற்றுக்கொள்கின்றது என்பதே பொதுவான எண்ணம். மருத்துவத்திலும் பொறியியலிலும் இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தக்கூடும். கலையைப் பொறுத்தவரையில், சிறப்பாக மட்டக்களப்புக் கூத்தைப் பொறுத்தவரையில், நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. இதனைக் கல்லடியில் உள்ள ஒரு நிறுவகத்தை முன்வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு நகரின் மையமாகிய புளியந்தீவிலிருந்து வாவியைக் கடந்து தெற்கே செல்வோர் கல்லடிப் பாலத்தைத் தாண்டவேண்டும். 1924 இல் அமைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமும் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கே அருகருகே நிற்கின்றன. பாலத்தைக் கடந்து கல்முனை வீதியிற் செல்கையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அமைந்துள்ளது. 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, 2005 இல் நிறுவகமாக உயர்வு பெற்ற இவ்விடத்தில் இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை ஆகிய துறைகளில் இன்று பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் வந்தாறுமூலையில், நகரிலிருந்து விலகி வயல்களின் நடுவே இருக்க, கலைக்கென அமைந்த இக்கூடம் மட்டும் மக்கள் நடமாட்டம் மிகுந்த நகர்ப்புறத்தில், பெருந்தெருவின் ஓரத்தில் இருக்கின்றது. சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் செல்வோர் யாவரும் அதனைக் கடந்தே செல்கின்றனர். கடந்து செல்வோர் உள்ளே நுழைகின்றனரா என்பதே வினா.

அவ்வாறு கடந்து சென்றவர்களுள் நானும் ஒருவன். எனது ஊர் தேற்றாத்தீவு. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் எழுவான்கரை நிலத்தில், செட்டிபாளையத்திற்கும் களுதாவளைக்கும் இடைப்பட்டது அது. கிணற்று நீரை இறைத்து வெற்றிலையும் கத்தரியும் மிளகாயும் விளைவிக்கும் தோட்டக்காரரின் ஊர். அங்கிருந்து கல்லடிக்குப் பஸ் வண்டியில் ஒரு மணித்தியாலத்திற்கும் குறைவான நேரமே பிடிக்கும். எனினும், எமது ஊர்க் கூத்துக்காரர் பலருக்கு அத்தூரம் நெடுங்காலமாகக் கடக்க முடியாததாகவே இருந்தது. வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரை மக்களுக்கு இத்தூரம் இன்னும் பெரிது. குருமண்வெளித் துறையில் நின்று மண்டூருக்குச் செல்லும் படகைப் பார்த்தவர்களுக்கு, மட்டக்களப்பில் நெருக்கமும் தொலைவும் கிலோமீற்றரால் அளக்கப்படுவனவல்ல என்பது புரியும். கூத்து உயிர்ப்போடு நிலைத்திருப்பதோ பெரும்பாலும் அந்தப் படுவான்கரைச் சிற்றூர்களிலேயாகும்.

கூத்து எவ்வாறு பயிலப்படுகின்றது என்பதை அறியாதவர்க்குச் சுருக்கமாகக் கூறுதல் தகும். ஊரவர் கூடி ஒரு கூத்தைத் தெரிவுசெய்வர். அண்ணாவியார் வந்து, இன்னாருக்கு இன்ன பாத்திரமெனத் தீர்மானித்து, ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியை வழங்குவார். இதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். வேளாண்மை வேலை ஓய்ந்த மாதங்களில் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். ஆட்டம் கால்களிற் படிந்தபின் சதங்கை அணியும் நாள் வரும். ஈற்றில் அரங்கேற்றம். அதற்கெனப் பொதுவிடத்தில் மண்ணைக் குவித்து வட்டமாகக் களரி அமைப்பர். அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் நடுவே நிற்க, கூத்தர் சுற்றி ஆடுவர். பார்ப்போர் நாற்புறமும் அமர்ந்திருப்பர். இரவு தொடங்கும் ஆட்டம் விடிந்த பின்னரே ஓயும். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் ஆடலிலும் பாடலிலும் உடையிலும் வேறுபடினும், கற்பிக்கும் முறையும் களரியின் அமைப்பும் இரண்டிற்கும் பொதுவானவையே.

இம்முறையில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இதில் ஆசிரியர் உண்டு, பாடத்திட்டம் உண்டு, படிநிலைகள் உண்டு, பரீட்சையும் உண்டு. அரங்கேற்ற இரவில் நாற்புறமும் இருந்து பார்க்கும் ஊரே பரீட்சகர். தாளம் தவறியவனை அடுத்த நாட் காலையில் சந்தையில் வைத்தே கேட்டுவிடுவார்கள். மத்தளத்தின் முன் நின்ற பிள்ளை இருபது ஆண்டுகளின் பின் அண்ணாவியாராகும் வரை நீளும் இப்பயிற்சியை ஒரு கல்விமுறை என்று கொள்ளாமல் வேறெதனைக் கல்விமுறை என்பது? பல்கலைக்கழகம் வருமுன்னரே அழகியற் கற்கைகள் இங்கே இருந்தன. அவற்றைக் கற்றோர்க்குச் சான்றிதழ் இருக்கவில்லை, அவ்வளவே.

பல்கலைக்கழகம் கூத்தை நாடிச்சென்ற வரலாறு கல்லடியில் தொடங்கவில்லை, பேராதனையில் தொடங்குகின்றது. எதிரிவீர சரச்சந்திர 1956 இல் மேடையேற்றிய ‘மனமே’ சிங்கள அரங்கிற்கு ஒரு புதுவழி காட்டியது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளராயிருந்த சு. வித்தியானந்தன், தமிழருக்கும் அத்தகைய அரங்க மரபு உண்டு என்பதை நிலைநாட்ட முனைந்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’ பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேறியது. பின்னர் ‘இராவணேசன்’ வந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவராகிய சி. மௌனகுரு அவற்றில் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். பிற்காலத்தில் அவரே மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூலாக்கியதும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வளர்த்ததும், ஓய்வின் பின் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடத்தை நடத்தியதும் பலரும் அறிந்தவை.

அறியப்பட வேண்டிய அளவுக்கு அறியப்படாத பெயர் ஒன்று உண்டு. பேராதனை மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பேராசிரியரும் விரிவுரையாளரும் பார்த்திருக்க, பட்டம் பெறாத ஒருவர் பல்கலைக்கழக மாணவருக்குக் குருவாக நின்றார். பின்னர், 1981 இல் அதே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகம் வந்தாறுமூலைக்கு வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் முன்னரே வந்தாறுமூலை பல்கலைக்கழகத்துக்குச் சென்று கற்பித்துவிட்டது. இவ்வரலாற்றை எமது மாணவர் முதலாம் ஆண்டிலேயே அறிந்துகொள்ளவேண்டும் என்பது எனது விருப்பம்.

வித்தியானந்தனின் பணியைக் குறைத்து மதிப்பிடல் நன்றி மறத்தலாகும். படித்தவர் எனப்பட்டோர் கூத்தை நாட்டுப்புறத்தாரின் கூச்சல் என்று ஒதுக்கியிருந்த காலத்தில், அதனை அவர் கொழும்பின் மண்டபங்களுக்குக் கொண்டுசென்று மதிப்புப் பெறச்செய்தார். எனினும், அம்மதிப்பிற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. விடியும்வரை ஆடப்பட்டது சில மணித்தியாலங்களுக்குள் அடக்கப்பட்டது. நாற்புறமும் திறந்திருந்த களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. களரியின் நடுவே நின்று முழு ஆட்டத்தையும் நடத்திய அண்ணாவியார் மேடையின் பக்கத்திற்கு ஒதுங்கினார். நெறியாளர் என்னும் புதியவர் தோன்றினார். கூத்தரின் தாயும் தம்பியும் அயலவரும் நிறைந்திருந்த கூட்டம், நுழைவுச்சீட்டோடு வந்தமர்ந்த பார்வையாளராயிற்று. கலைவடிவம் செம்மை பெற்றது என்பது உண்மை. அதே வேளையில், அது யாருக்குரியது என்ற வினாவும் எழுந்துவிட்டது.

இவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தேடியவர்கள் பிற்காலத்தில் வந்தனர். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கர் முதலியோர் மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனைக் கிராமத்தில், 2000 ஐ அடுத்த ஆண்டுகளில், கூத்தின் மீளுருவாக்கம் என்னும் செயற்பாட்டை மேற்கொண்டனர். கூத்தை ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மேடைக்கு ஏற்றவாறு திருத்துவதை விடுத்து, ஆராய்வோர் ஊருக்குச் சென்று, அண்ணாவியாரோடும் கூத்தரோடும் அமர்ந்து, கூத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி உரையாடுதல் என்பதே அதன் அடிப்படை. பெண் பாத்திரங்கள் பேசும் வார்த்தைகள், சாதி ஏற்றத்தாழ்வைக் காட்டும் இடங்கள் முதலியவற்றை மாற்றுவதா விடுவதா என்பதை ஊரவரே விவாதித்து முடிவு செய்தல், ஆட்டம் களரியிலேயே நிகழ்தல் என்பன அதன் கூறுகள். இம்முயற்சி பற்றி மௌனகுரு மரபினருக்கும் இவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. கட்டுரைகளும் மறுப்புகளும் எழுதப்பட்டன. அவ்விவாதத்தில் ஒரு பக்கம் சார்ந்து தீர்ப்புக் கூறுவது எனது நோக்கமன்று. ஒரு பல்கலைக்கழகத்துக்குள் கூத்தை முன்வைத்து இத்தகைய விவாதம் நிகழ்ந்தமையே ஒரு பேறு எனலாம். செத்துப்போன கலையைப் பற்றி எவரும் சண்டையிடுவதில்லை.

இவ்விடத்தில் நேரிற் கண்ட ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்வி நிறுவனத்தில் நடைபெற்ற பயிற்சிப் பட்டறைக்கு எமது பகுதியைச் சேர்ந்த முதிய அண்ணாவியார் ஒருவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. நிகழ்ச்சி நிரலில் அவரது பெயருக்கு எதிரே ‘வளவாளர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “வளவாளர் எண்டா என்ன மகன், வளவுக்காரனா?” என்று கேட்டார். பொருளை விளக்கினேன். “அப்பிடியா? நான் எனக்கும் இஞ்ச ஒரு வளவு தந்திட்டாங்களாக்கும் எண்டு நினைச்சன்” என்று கூறிச் சிரித்தார். பின்னர் மத்தளத்தை மடியில் வைத்து, மாணவர் கேட்ட தாளக்கட்டுகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தார். மாணவர் தமது கைத்தொலைபேசிகளிற் பதிவு செய்தனர். மாலையில் ஒரு பொன்னாடையும் ஒரு சிறு தொகையும் பெற்றுக்கொண்டு பஸ்ஸிலே ஊருக்குத் திரும்பினோம்.

அவரது பகிடியில் இருந்த உண்மை பல நாட்களாக என்னை விட்டு நீங்கவில்லை. பட்டறைக்கு அழைக்கப்படுபவருக்கு அங்கே ஒரு நாள் உண்டு. ஓர் இடம் இல்லை. அவரது ஆட்டத்தை ஆராய்ந்தவர் கலாநிதியாகின்றார். அவ்வாராய்ச்சியைக் கற்றவர் ஆசிரிய நியமனம் பெறுகின்றார். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் விருந்தாளியாகவே வந்து செல்கின்றார். இதனை எவருடைய தனிப்பட்ட குற்றமாகவும் நான் கொள்ளவில்லை. நியமனத்திற்குத் தகைமை வேண்டும், தகைமைக்குப் பட்டம் வேண்டும் என்னும் ஒழுங்கு பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவானது. பட்டத்தால் அளக்கமுடியாத அறிவைக் கற்பிக்க முன்வந்த துறை ஒன்று அவ்வொழுங்கினால் எவ்வாறு முட்டுப்படுகின்றது என்பதையே சுட்டுகின்றேன்.

மறுபக்கத்தையும் நாம் நேர்மையாக நோக்கவேண்டும். கல்லடிக்கு வரும் மாணவருட் பலர் தோட்டக்காரர், மீனவர், கூலியாளர் ஆகியோரின் பிள்ளைகள். பட்டம் பெற்று ஓர் ஆசிரிய நியமனம் கிடைத்தால் ஒரு குடும்பம் நிமிரும். அவர்களைப் பார்த்து, சான்றிதழ் எதற்கு, கலைக்காகக் கலையைக் கற்றாற் போதாதா என்று வினவுவது வயிறு நிறைந்தோரின் வினாவாகும். மேலும், களரியில் இல்லாத சில நன்மைகளை இக்கல்விக்கூடம் தந்துள்ளது. மரபில் ஆண்களே பெண் வேடமும் பூண்டு ஆடினர். இன்று மாணவியர் மத்தளத்தின் முன் நின்று வடமோடி ஆடுகின்றனர். ஊரிற் சாதியின் பெயரால் ஒருபுறம் ஒதுக்கப்பட்டிருந்த பறைமேளம் கற்றறிவோரின் ஆய்வுப்பொருளாயிற்று. ஊர் எல்லாவற்றையும் சரியாகவே செய்தது என்று கூறுவது, பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் அறியும் என்று கூறுவதைப் போன்ற மற்றொரு மயக்கமேயாகும்.

மக்கள் பல்கலைக்கழகத்தை நாடி வந்த வேறு நாட்களும் உண்டு. 1990 இல் போர் மூண்டபோது அயற்கிராமங்களைச் சேர்ந்த பல்லாயிரவர் வந்தாறுமூலை வளாகத்திலே தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. போர்க்காலத்தில் ஊரடங்கும் அச்சமும் இரவை மூடியபோது, விடியும்வரை ஆடும் கூத்தும் பல ஊர்களில் நின்றுபோயிற்று. கூத்துக்கு மண்ணும் மத்தளமும் மட்டும் போதா. அஞ்சாமல் விழித்திருக்கக்கூடிய ஓர் இரவும் வேண்டும். 2004 இல் கடற்கோள் கல்லடிக் கரையை அழித்துச் சென்றது. இத்தனைக்குப் பின்னரும் ஒரு நகரத்தில் ஆடலும் பாடலும் கற்பிக்கும் கூடமொன்று இயங்குகின்றது என்றால், அதனிடம் நாம் பட்டதாரிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் கூடுதலான ஒன்றை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

உலகின் பிற இடங்களிலும் இம்முயற்சி நிகழ்ந்ததுண்டு. 1884 இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைத் தொழிலாளர் நடுவே, பல்கலைக்கழகத்தார் சென்று வாழ்ந்து கற்பிக்கவென ரொயின்பி மண்டபம் தோன்றியது. கற்பிப்போர் மேலிருந்து இறங்கி வருதல் என்னும் எண்ணமே அதன் தொடக்கத்தில் மேலோங்கியிருந்தது. தாகூர் 1922 இல் சாந்திநிகேதனை அடுத்துச் சிறிநிகேதனைத் தொடங்கியபோது வேளாண்மையும் நெசவும் தோல்வேலையும் பல்கலைக்கழகத்தின் அக்கறைக்கு உரியனவாயின. கிராமத்தைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகவே அவர் கருதினார். இவ்விரண்டுள் எமக்கு அண்மையானது எது என்பதைக் கூறவேண்டியதில்லை.

ஆயினும், நாம் வழிகாட்டியைத் தேடித் தொலைவு செல்லவேண்டுவதில்லை. நிறுவகத்தின் பெயரிலேயே அவர் இருக்கின்றார். காரைதீவிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலானந்தர், தமது வாழ்வின் நீண்ட காலத்தை யாழ் என்னும் இசைக்கருவியின் ஆராய்ச்சிக்கு ஈந்தார். யாழ் வாசித்தவர் எவரும் அவர் காலத்தில் இல்லை. கற்பித்தவரிடமிருந்து கற்றவருக்கு என்று வந்த தொடர் எங்கோ அறுந்துவிட்டது. எஞ்சியிருந்தவை சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் அடிகளும் உரைகளுமே. அவற்றை வைத்துக்கொண்டு நரம்புகளையும் சுருதிகளையும் கணித்துக் கணித்து அவர் ஆக்கிய ‘யாழ் நூல்’ 1947 யூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அவர் மறைந்தார். அவரது உடல் கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலில் அடக்கஞ் செய்யப்பட்டது.

யாழ் நூலை நாம் ஒரு சாதனையாகவே போற்றுகின்றோம். அதனை ஓர் எச்சரிக்கையாகவும் வாசிக்கலாம். கைமாறி வந்த கலையொன்றின் தொடர் ஒரு முறை அறுந்தால், பேரறிஞர் ஒருவர் பல்லாண்டுகள் உழைத்தும் அதன் கணக்கையே மீட்க முடிகின்றது. வாசித்த விரல்களை மீட்க முடிவதில்லை. மத்தளத்துக்கு இன்னும் அந்நிலை வரவில்லை. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் அண்ணாவிமார் இன்னும் இருக்கின்றனர். அவர்களுட் பலர் முதியவர்கள். பதிவுகள் எத்தனை இருந்தாலும், பிள்ளையொன்றின் காலைப் பிடித்துத் திருத்தி வைக்கும் கையின் வேலையை அவை செய்யமாட்டா.

ஆகவே, செய்யவேண்டியவை பெருந்திட்டங்களல்ல. அண்ணாவியாரைப் பட்டம் கேளாது, தவணை முழுவதும் கற்பிக்கும் ஆசானாக, உரிய வேதனத்தோடு அமர்த்தலாம். இறுதியாண்டு மாணவரின் ஆற்றுகையை ஏதேனும் ஓர் ஊரின் களரியில் நிகழ்த்தி, மதிப்பீட்டில் அவ்வூர் அண்ணாவியாரையும் சேர்க்கலாம். ஊரிலிருந்து பெறப்பட்ட கூத்துக் கொப்பிகளின் பிரதியும் ஒலி ஒளிப் பதிவுகளும் அவ்வூர் நூலகத்துக்கோ கோயிலுக்கோ மீண்டும் சென்று சேர்தல் வேண்டும். பட்டம் நாடாத பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் நிறுவகத்தின் கூடங்கள் மாலை வேளைகளில் திறந்திருத்தல் வேண்டும். இவற்றுட் சில தனிப்பட்ட ஆசிரியரின் ஊக்கத்தால் அவ்வப்போது நிகழ்ந்தவையே. ஒருவர் ஓய்வு பெற்றதும் அவை ஓய்ந்துவிடாதவாறு நிறுவன வழக்காக்குவதே தேவை.

எனது ஊரின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் தேற்றா மரத்தின் கொட்டையை முன்னோர் மட்பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தனர். தெளிந்த நீர் கிணற்று நீரே. கொட்டை தன் பங்கிற்கு எதனையும் அதில் நிரப்புவதில்லை. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி கூத்துக்குச் செய்யக்கூடிய உதவியும் இத்தகையதே என்று எனக்குத் தோன்றுகின்றது. ஊரார் தமது கலையைத் தாமே தெளிவாகக் காணவும், வேண்டாததைத் தாமே களையவும் அது துணைசெய்யலாம்.

கல்லடி நிறுவகம் ஆண்டுதோறும் எத்தனை ஆற்றுகைகளை மேடையேற்றுகின்றது என்பது எளிதில் எண்ணத்தக்கது. அங்கு பயின்ற ஒருவர் ஆசிரியராகத் தனது ஊருக்குத் திரும்பியபின், அவ்வூரில் அடுத்த ஆண்டு மண் குவித்துக் களரி கட்டப்படுகின்றதா என்பதை எண்ணுவோர் இல்லை. இனி வரும் மதிப்பீட்டு அறிக்கைகளில் அந்த எண்ணிக்கைக்கும் ஒரு நிரல் ஒதுக்கப்படுமாயின், எத்திசையில் நாம் சென்றுகொண்டிருக்கின்றோம் என்பதை அதுவே காட்டிவிடும்.